மூன்று சிலிண்டர் என்ன பாவம் செய்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகை பர்மாவில் இருக்கும் எங்கள் பெகுவுக்கு வந்து என் கைக்குக் கிடைப்பதற்குள் மூன்று வீடு சுற்றிவிடும். அதனால் பழைய கார் வாங்குவது பற்றி நீங்கள் போட்டிருந்த பக்கத்தைப் பிந்தித்தான் பார்த்தேன். அதையும் நானாகப் படிக்கவில்லை, என் தங்கை மகன் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்து நீட்டினான். "மாமா, மூணு சிலிண்டர் வேணாமாம், பேப்பர்லயே போட்டிருக்கு." படித்துப் பார்த்தேன், போட்டுத்தான் இருக்கிறது. சிலிண்டர் கூடக் கூட என்ஜினுக்கு வலு, நாலுக்குக் குறைந்தால் தொடாதீர்கள், ஆறு கிடைத்தால் விடாதீர்கள் என்று ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த ஒரு பத்தியால் என் மருமகன் ஒரு நல்ல சின்ன வண்டியைக் கைவிட்டான். நானே கேஜ் வைத்துப் பார்த்த வண்டி அது, 996 சிசி, மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றை நெருக்கும் அழுத்தம், ஒரே மாதிரி நின்றது, ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே கருப்புப் பிசுக்கு இல்லை, காலையில் குளிர்ந்த என்ஜினில் செல்ஃப் தொட்டதும் பிடித்தது. அதை விட்டுவிட்டு யாங்கோனில் போய் 1988 சிசி ஆறு சிலிண்டர் வண்டி ஒன்றை என்னிடம் காட்டாமலே வாங்கிக்கொண்டு வந்தான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிசி என்பது எல்லாச் சிலிண்டரும் சேர்ந்த கொள்ளளவு. 996-ஐ மூன்றால் வகுங்கள், 332. 1988-ஐ ஆறால் வகுங்கள், 331. இரண்டு வண்டியிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே அளவுக் குவளைதான், ஒன்றில் மூன்று, ஒன்றில் ஆறு. மூன்றுக்கு மூன்றின் சாப்பாடு, ஆறுக்கு ஆறின் சாப்பாடு. இதில் வலுவானது எது, சோனியானது எது?

நான் ஐம்பது வருடத்துக்குப் பக்கமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். சண்டைக் காலத்தில் விட்டுப்போன லாரிகளுக்கு மரக்கூண்டு கட்டி லைன்கா என்று பஸ் ஓட்டிய நாட்களில் ஸ்பானர் துடைக்கப் போனவன். அந்தப் பழைய வில்லிஸ் ஜீப் என்ஜினைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், 2199 சிசி, நாலு சிலிண்டர், வால்வு எல்லாம் பக்கவாட்டில் நிற்கும், கம்ப்ரஷன் ஆறரைக்கு ஒன்றுதான், அதாவது ஆறரைப் பங்கை ஒரு பங்காக நெருக்கும். இத்தனை சிசிக்கும் அது கொடுத்தது 60 குதிரைத்திறன். ஆனால் கம்ப்ரஷன் குறைவு என்பதால் எந்த மட்டமான பெட்ரோலையும் குடித்துவிட்டு ஓடியது, அதனால்தான் எங்கள் நாட்டில் அத்தனை காலம் நின்றது. இன்றைக்கு அந்த 996 சிசி சின்ன என்ஜின் பாதிக்கும் குறைவான உடம்பை வைத்துக்கொண்டு 70 வரை கொடுக்கிறது. அப்புறம் லேபெயின் ஞாபகம் இருக்கிறதா, நீல நிற மாஸ்டா டாக்சி? 600 சிசிக்கு உள்ளே, இரண்டே சிலிண்டர். பின்னால் எட்டுப் பேர், மேலே கூடை, கோழி, அரிசி மூட்டை. யாரும் அதற்குச் சிலிண்டர் எண்ணிப் பார்த்து ஏறவில்லை.

சரி, என்ஜின் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளக் காரைத் திறக்க வேண்டியதே இல்லை, எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நிற்கும் தோலாஜி என்ற உழவு வண்டியைப் பார்த்தால் போதும். உழவுக்கும் அதே என்ஜின், நெல் ஏற்றவும் அதே என்ஜின், கழற்றிப் படகில் வைத்தால் அங்கேயும் அதே. சீன டீசல், படுத்தவாக்கில் ஒரே ஒரு சிலிண்டர், 815 சிசி, 12 குதிரைத்திறன். கையால் சுற்றித்தான் எழுப்ப வேண்டும். இடது கை லீவரைத் தூக்கிப் பிடிக்கும், அது ஒரு வால்வைத் திறந்தே வைத்திருக்கும், உள்ளே காற்று நெருங்காது, அதனால் ஹேண்டில் லேசாகச் சுற்றும். நாலைந்து சுற்று சுற்றி ஃபிளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கு வேகம் வந்ததும் லீவரை விட்டுவிடுவார்கள். வால்வு மூடும், காற்று மாட்டிக்கொள்ளும், பிஸ்டன் அதை இருபதில் ஒரு பங்காக நெருக்கும், நெருக்குகிற வேகத்திலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் காய்ந்துவிடும். அந்த நேரம் பார்த்து நாசில் டீசலைப் புகையாகத் தூவும். பிளக் இல்லை, பொறி இல்லை, காற்றின் சூட்டிலேயே தீ பிடிக்கும். டுக். அந்த முதல் டுக்குக்குப் பிறகு மனிதன் கையை எடுத்துவிட வேண்டும். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாள் சொன்னதே இதுதான், ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நாலு விரலும் ஒரே பக்கம் இருக்கட்டும், சுற்றி மடக்கினால் அது திருப்பி அடிக்கும்போது விரல் போய்விடும்.

அந்த ஒரு டுக்குக்குள் நாலு வேலை நடக்கிறது. பிஸ்டன் பின்னால் போகும்போது காற்றை இழுக்கிறது, முன்னால் வரும்போது நெருக்குகிறது, தீப்பிடித்துத் தள்ளப்படுகிறது, மறுபடி வரும்போது புகையை வெளியே தள்ளுகிறது. நாலு அடியில் ஒரே ஒரு அடிதான் நமக்கு வேலை செய்கிறது, மிச்சம் மூன்றும் ஃபிளைவீல் போட்ட பிச்சை. பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு வெடி. 1876-இல் ஜெர்மனியில் ஓட்டோ என்பவர் பெட்டி போன்ற ஒரு என்ஜினில் ஓட வைத்த அதே நாலு அடிதான் இன்றைக்கு ஜப்பானில் இருந்து இறங்கும் எல்லா வண்டிக்குள்ளும் இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் மாறுவது இரண்டு விஷயம். காற்றோடு பெட்ரோலையும் கலந்து உள்ளே அனுப்புகிறோம், தீ வைக்கப் பிளக் இருக்கிறது. நெருக்குவதும் டீசல் அளவுக்கு இல்லை, பத்துக்கு ஒன்று பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு, அதற்கு மேல் போனால் பிளக் வைத்த தீ போய்ச் சேரும் முன்னாலேயே மிச்சக் கலவை தானாகப் பற்றிக்கொண்டு டக் டக் என்று தட்டும். பங்கில் 92, 95 என்று இரண்டு பெட்ரோல் வைத்திருப்பது இதற்காகத்தான், 95 தட்டாமல் கூடுதல் நெருக்கத்தைத் தாங்கும். 92 போதும் என்று கம்பெனி சொன்ன என்ஜினுக்கு 95 போட்டால் காசு போகும், வேகம் வராது. இதையும் உங்கள் கட்டுரையாளர் மாற்றித்தான் எழுதியிருக்கிறார், போகட்டும்.

அந்த 815 சிசி என்ஜின் 12 குதிரைத்திறன், இந்த 996 சிசி என்ஜின் 70 என்று சொன்னேனே, எப்படி? தோலாஜி நிமிடத்துக்கு 2000 சுற்று, அதற்கு மேல் போகாது, கார் என்ஜின் 6000 வரை போகும். வெடி கூட, திறனும் கூட. ஆனால் தோலாஜிக்குக் கனமான ஃபிளைவீல், தாழ்ந்த கியர், அதனால் சேற்றில் சக்கரம் புதைந்த பிறகும் டுக் டுக் என்று நின்று இழுக்கும். சிசி, சிலிண்டர், குதிரைத்திறன் மூன்றும் மூன்று கேள்விகள், உங்கள் பக்கத்தில் மூன்றையும் ஒன்றாக உருட்டிவிட்டார்கள்.

ஆறு சிலிண்டரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு சிலிண்டர் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, அதனால்தான் தோலாஜி குலுக்கிக்கொண்டு நிற்கும். நாலு சிலிண்டர் என்றால் அரைச் சுற்றுக்கு ஒன்று, 1-3-4-2 என்ற வரிசையில். மூன்று என்றால் முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, 240 டிகிரிக்கு ஒரு வெடி. வெடி விழும் இடைவெளி அதிகம் என்பதால் ஐடிலில், அதாவது வண்டி ஓடாமல் என்ஜின் மட்டும் சுற்றிக்கொண்டு நிற்கும்போது, ஸ்டீயரிங்கில் கொஞ்சம் நடுக்கம் தெரியும், அவ்வளவுதான், அது நோய் இல்லை. வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டரில் மேலே போகிற பிஸ்டனுக்குக் கீழே இறங்குகிற பிஸ்டன் ஈடு கட்டிவிடும், எல்லா ஆட்டமும் ஒன்றையொன்று தின்றுவிடும். பானெட் மேல் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தால் அலை எழாது. உட்கார்ந்து போக அதைப் போலச் சுகம் கிடையாது. ஆனால் ஆறு பிஸ்டன் உரசுகிறது, ரிங் அதற்கேற்ற மாதிரி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் நீளம், ஹெட் கேஸ்கட் நீளம். நீளமான அலுமினிய ஹெட் ஒரு தடவை கொதித்தால் வளைந்துகொள்ளும். வி வடிவ ஆறு, படுத்து எதிரெதிரே குத்தும் நாலு, மாஸ்டா செய்த சுழல் என்ஜின் எல்லாம் உலகத்தில் உண்டு, எங்கள் பட்டறைக்கு அபூர்வமாகத்தான் வரும், அதை விடுங்கள்.

இப்போது மருமகன் கதை. வண்டி வாங்கிய கையோடு முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்தாயிற்று, பர்மாக்கார நண்பன் சொன்னான் என்று பெகு சாலையில் இருக்கும் ஷ்வேஞாங்பின் ஆலமரத்துக்கும் போய் மூன்று தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் கும்பிட்டுவிட்டு வந்தான். நானும் அதையெல்லாம் செய்கிறவன்தான், கேலி பண்ணவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க மட்டும் மறந்துவிட்டான். ஏப்ரல் வெயிலில் நாலு பேரோடு ஏசி போட்டுக்கொண்டு எக்ஸ்பிரஸ் சாலையில் நேபிடோ கிளம்பினான். 115-ஆவது மைலில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேரவில்லை, அதற்கு முன்னாலேயே சூட்டு முள் மேலே ஏறிவிட்டது. முள் ஏறியதும் நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸ் விலையோடு போயிருக்கும். கடை பக்கத்தில்தானே என்று மேலும் ஓட்டியிருக்கிறான். ஆவி வந்த பிறகு நிறுத்தி, துணி போட்டு மூடியைத் திறந்து, கையில் இருந்த ஐஸ் தண்ணீர் பாட்டிலை அப்படியே உள்ளே ஊற்றினான்.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டிப் ஸ்டிக்கை உருவினேன், டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஆயில். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டாம், தீயையும் தண்ணீரையும் ஆயிலையும் தனித்தனியாகப் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தகடு கிழிந்தால் மூன்றும் சேர்ந்துகொள்ளும். அப்புறம் ரேடியேட்டரைக் கழற்றிக் கவிழ்த்தேன். மஞ்சள் வாசனை! வேறு ஒன்றுமில்லை, சமையல் மஞ்சள் தூள். கசியும் ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கரைத்து ஊற்றினால் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், பழைய லாரிக்காரர்கள் காட்டு வழியில் ஊர் போய்ச் சேரும் வரைக்கும் செய்கிற வேலை. விற்றவர் அதைச் செய்து, தண்ணீரில் பச்சைக் கூலன்ட்டைக் கலந்து, வண்டியைக் கழுவி விற்றிருக்கிறார். மஞ்சள் ஓட்டையை மட்டுமா அடைக்கும், நல்ல குழாயையும் பாதி அடைத்துவிட்டது. என்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வேறு இல்லை, யாரோ எப்போதோ பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். வெயில் நாட்டில் அது எதற்கு என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை. அது இல்லாவிட்டால் காலையில் என்ஜின் சூடேற நேரமாகும், குளிர்கிறது குளிர்கிறது என்று கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும், சுவரில் இருக்கும் ஆயிலைப் பெட்ரோல் கழுவிவிடும், ரிங் தேயும். பெட்ரோலில் நாம் போடும் காசில் மிஞ்சிப் போனால் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது, ஒரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது, இன்னொரு பங்கு தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அந்தத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தால் என்ஜின் என்ன செய்யும்?

தோலாஜியில் இந்தத் தொல்லை இல்லை பாருங்கள். ரேடியேட்டரே கிடையாது, சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி, கொதித்து ஆவியாகப் போகும், சிவப்பு உருண்டை ஒன்று மிதக்கும், அது கீழே இறங்கினால் வாய்க்காலில் மொண்டு ஊற்றுவார்கள். சின்ன வயதில் அந்தத் தொட்டியில் வாத்து முட்டை அவித்துத் தின்றிருக்கிறோம்.

டீசல் கார் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள், டீசல் என்றால் எதையும் தாங்கும் என்று. பழைய டீசல் தாங்கியது. 1897-இல் ருடால்ஃப் டீசல் ஓட வைத்ததில் இருந்து நேற்று வரைக்கும் வந்த பம்ப், நாசில் எல்லாம் கொஞ்சம் அழுக்கைப் பொறுத்துக்கொண்டன. இப்போது வருகிற, எல்லா நாசிலுக்கும் ஒரே அழுத்தக் குழாய் வைத்த காமன்ரெயில் டீசலில் அழுத்தம் 1000 பார், 2000 பார் என்று போகிறது, நாசிலின் ஓட்டை மயிர்க்கால் அளவு. சாலையோரத்தில் தண்ணீர் பாட்டிலில் விற்கும் எண்ணெயை அதில் ஊற்றினால் எத்தனை நாளைக்கு? ஃபில்டருக்குக் கீழே தண்ணீர் வடிக்க ஒரு திருகு இருக்கும், எங்கள் மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை அதைத் திறந்து வடித்தால் போதும், வருகிற டீசல் வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தத் திருகு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. டர்போ, அதாவது புகை வேகத்தில் சுழன்று காற்றை என்ஜினுக்குள் திணிக்கும் சக்கரம், இருந்தால் இன்னொன்று, அது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும், அதற்கு ஆயிலைத் தருவது என்ஜின்தான், என்ஜின் நின்றால் ஆயிலும் நிற்கும். நீண்ட ஓட்டம் முடிந்ததும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். தினமும் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இரண்டு மைல் போய்வருகிற வீட்டுக்கு டீசல் எதற்கு என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன், உயரமாக இருக்கிறதே என்கிறார்கள்.

கேஸ் டாக்சிக்காரர்கள் யாங்கோனில் வரிசையில் நின்று நிரப்புகிறார்கள், பெட்ரோல் என்ஜினையே கேஸில் ஓட்டுகிறார்கள், தப்பில்லை. இழுவையில் பத்தில் ஒரு பங்கு குறையும், ஆயில் கருக்காது, ஆனால் வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும், அதனால் வால்வு இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டியில் என்ஜின் இல்லை என்று உங்கள் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி இருந்தது, தயவுசெய்து அதைத் திருத்துங்கள். 1997-இல் டொயோட்டா பிரியஸ் வந்த நாளில் இருந்து அதற்குள் நாலு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் இருக்கிறது, வால்வைப் பிந்தி மூடிக் குறைவாக நெருக்கி நிறைய விரியவிடும் வகை, அதனால் சிக்கனம், நெரிசலில் தானாக நின்றுகொள்ளும். ஆயிலும் மாற்ற வேண்டும், பின் இருக்கைப் பக்கம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் ஃபேனில் தூசி எடுக்கவும் வேண்டும்.

இன்னொன்று, இது கட்டுரையாளருக்கு இல்லை, படிக்கிறவர்களுக்கு. ஹோண்டா ஃபிட் முதலில் வந்த 1300 சிசியில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. முன்னால் தெரியும் நாலை மாற்றிவிட்டு எட்டுக்குக் காசு வாங்குகிறவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். கழற்றிய பழைய பிளக்கைக் கேட்டு வாங்கி எண்ணுங்கள்.

வண்டி பார்க்கப் போகிறவர்கள் சிலிண்டரை எண்ணுவதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள், நானும் அவனுக்கு இதைத்தான் சொல்லியிருந்தேன். விற்கிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், நான் வரும் வரை என்ஜினை எழுப்பாதே என்று. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலால் உள்ளே தடவுங்கள், நிறத்தைப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். அப்புறம் எழுப்பச் சொல்லிப் பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிகிறது, கரும்புகை எரிபொருள் அதிகம், நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே போகிறது. காலைக் குளிரில் முதலில் வரும் வெள்ளை ஆவிக்குப் பயப்படாதீர்கள். மூடியைத் திறந்தபடியே ஐடிலில் விட்டால், கேஸ்கட் போன என்ஜினில் தண்ணீர் குமிழ் விடும்.

இந்தக் கடிதத்தை முழுவதும் போட இடம் இருக்காது என்று தெரியும். சிலிண்டர் பற்றிய பகுதியையும் ஹைப்ரிட் திருத்தத்தையும் மட்டுமாவது அதே பக்கத்தில் போடுங்கள், கடைசிப் பக்க மூலையில் வேண்டாம், மருமகனைப் போல மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் மூலையைப் பார்ப்பதில்லை.

ஆறு சிலிண்டர் என் பட்டறைக் கொட்டகையில் நிற்கிறது. ஹெட் லேத்துக்குப் போயிருக்கிறது, மட்டம் எடுத்து வந்ததும் நடுவில் இருந்து வெளியே என்று வரிசையாகப் போல்ட்டை முறுக்கி மாட்ட வேண்டும். தெருப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பி விளையாடுகிறார்கள். அவன் வேண்டாம் என்ற அந்த மூன்று சிலிண்டர் வண்டியை எதிர்த் தெருக்காரர் வாங்கி ஃபெரி, அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டியாக ஓட்டுகிறார். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அடைத்துக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது, மருமகன் அந்த நேரம் பார்த்து உள்ளே போய்விடுகிறான்.

இப்படிக்கு,
பழைய மெக்கானிக் ஒருவர்,
பெகு.